நிறுத்தினால் நிற்கிற கால்

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பரதநாட்டியம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முட்டிவலிக்கு டாக்டரு நடக்கத்தான சொன்னாரு, ஆடவா சொன்னாரு" என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றச் சொன்னார். எனக்கும் அதற்குமேல் விளக்க மனசில்லை. முட்டிவலிக்காகத்தான் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் மனுசன் விடிந்ததும் பூசாரியைத் தேடிப் போயிருப்பார்.

போடியில் அரசாங்க ஆபீசு ஒன்றுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடையில் யாரும் என்னிடம் அதட்டிப் பேசிவிட்டுப் போக முடியாது. ஆனால் தெருவில் உறுமி மேளச் சத்தம் கேட்டால் மட்டும் உள்ளே ஓடி மிசினைப் போட்டுவிடுவேன். காகிதம் இருக்கோ இல்லையோ, அது கடகடவென்று ஓட வேண்டும். உறுமி என் காதில் விழுந்தால் சேலைக்குள் என் முழங்கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். அம்மா செத்த வருசத்திலிருந்து இப்படித்தான்.

அம்மா சாமியாடி. குரங்கணி போகிற பாதையில் மலையடிவாரத்து ஊர் எங்களுடையது. விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போவாள். பொழுது சாயத் திரும்பி வருவாள். செடிக்கு அடியில் குத்தவைத்தே நகர்ந்து நகர்ந்து காய் பறித்தவள் என்பதால் வீட்டிலும் அவள் பாதி உட்கார்ந்த மாதிரியேதான் நடமாடுவாள். பேச்சு குறைவு. "சாப்ட்டியா", "படி", "வெரசா கெளம்பு" என்பதோடு சரி. வருசத்தில் ஒரே ஒரு நாள், ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற அன்றைக்கு உச்சிவெயிலில், உறுமி முழங்கியதும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு ஆட்டம் ஆடுவாள். ஊரே கையெடுத்துக் கும்பிடும். ஜீப்பில் அவளைப் பிடித்துத் தள்ளி உட்காரவைக்கிற கங்காணியும் அன்றைக்குத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுவது சாமியா, ஆளா என்று பார்க்க, ஆடுகிறவளின் சொந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார்கள். "யாரு இந்தப் புள்ள, சொல்லு" என்று பூசாரி கேட்பார். சாமிக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான். அதனால் வந்திருப்பது சாமி என்றால் அதற்குத் தெரியக் கூடாது. "என் மக" என்று வாயில் வந்துவிட்டால் உறுமிக்காரர் கையை எடுத்துவிடுவார். ஆள்தான் ஆடுகிறது, சாமி ஆடவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் குறி கேட்க மாட்டார்கள்.

நான் மூன்றாவது படிக்கும்போது முதல்முறையாக என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். புதுப் பாவாடை கட்டியிருந்தேன். அம்மா என்னைத்தான் பார்த்தாள். கண்ணுக்குக் கண் பார்த்தாள். "யாருடா இது? எவ பெத்தது?" என்று கேட்டாள். கூட்டம் குலவை போட்டது. எனக்கு அழக்கூட வரவில்லை. சாயங்காலம் வீட்டில் அம்மா துவண்டுபோய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் போக எனக்குப் பயம். எழுந்ததும், "சாப்ட்டியா" என்று வழக்கம்போலக் கேட்டாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது, அந்நேரம் உள்ளே இருந்தது அம்மன் என்று சித்தி எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். அதை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் எனக்கு இல்லை.

அம்மா போன பிறகு ஊரில் சாமி இறங்கவில்லை. ஆட வந்தவர்கள் வந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையைப் பார்த்ததும் "என் தங்கமே" என்று கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். இன்னொருத்தி பேர் சொல்லியே கூப்பிட்டுவிட்டாள். "உங்கம்மா இப்ப அம்மனோட சேந்துட்டா, எறங்குறதுக்கு ஆளத் தேடுறாத்தா. அவ மகளவிட்டு வேற யாருமேல எறங்குவா?" என்று சித்தி வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வாள். சித்தி அம்மாவுக்கு நேர் இளையவள், அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டவள். அம்மா ஆடும்போது பக்கத்திலேயே நின்று முடியை ஒதுக்கிவிடுவதும் வேர்வையைத் துடைப்பதும் அவள்தான். அம்மா இருந்தவரை அவளுக்கும் ஊரில் முதல் மரியாதை இருந்தது.

எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். மதுரையில் காலேஜில் படிக்கிறாள். என் கால் ஆடுகிறது, என்றைக்காவது ஒருநாள் அது நிற்காமல் போய்விடும், அன்றைக்கு நான் என் மகளைப் பார்த்து நீ யார் என்று கேட்டுவிடுவேன் என்பதுதான் என் பயம். வேறு பயமே எனக்குக் கிடையாது. பேய்க்குப் பயந்ததில்லை, சாவுக்கும் பயந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒரு போர்டைப் பார்த்தேன். பரதநாட்டியம், பெரியவர்களும் சேரலாம் என்று எழுதியிருந்தது. மாடியில் டீச்சர் ஒரு மரப்பலகையைக் கழியால் தட்டிக்கொண்டிருந்தார். டக், டக் என்று கேட்டது. வாசலில் நின்றேன். என் கால் ஆடியது. டீச்சர் கழியை நிறுத்தினார். பிள்ளைகளின் கால்கள் அத்தனையும் சட்டென்று நின்றன. நிறுத்தினால் நிற்கிற கால் எனக்கும் வேண்டும். அன்றைக்கே சேர்ந்துவிட்டேன்.

கீழே ஏலக்காய்க் குடோன், மேலே வகுப்பு. படியேறும்போதே வாசனை மூக்கை அடைக்கும். அம்மாவின் சேலையில் எப்போதும் இருந்த வாசனை அது. டீச்சருக்கு என் வயதில் பாதி இருக்கும். என்னை அக்கா என்பார். கூடப் படிக்கிறதெல்லாம் பல் விழுந்த வாண்டுகள். முதல் நாள் சுடிதாருக்கு மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி நின்றபோது, "ஆன்ட்டி, உங்க பாப்பா எங்க?" என்று ஒரு வாண்டு கேட்டது. நான்தான் பாப்பா என்றேன். அது நம்பவில்லை.

முதலில் பூமியைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அதன் பிறகு அரைமண்டி. குதிகாலைச் சேர்த்து, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை விரித்து, பாதி உட்கார்ந்து நிற்பது. முதுகு நேராக இருக்க வேண்டும். பெரிய வயதில் சேர்கிற பெண்களுக்கு இது வர மாதக்கணக்காகும் என்றார் டீச்சர். எனக்கு முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. "அக்கா, முன்னாடியே கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வலது தோள் மட்டும் எறங்குது பாருங்க. கூடை சுமந்த மாதிரி" என்று சொல்லித் தோளைத் தூக்கி நிமிர்த்தினார். அவர் கையை எடுத்ததும் அது மறுபடி இறங்கியது. நான் ஒருநாள்கூடக் காயெடுக்கப் போனதில்லை. அம்மா என்னைப் போகவிட்டதில்லை.

சில வாரம் கழித்து ஒருநாள் டீச்சர் எல்லாரையும் அரைமண்டியிலேயே நிறுத்திவைத்துவிட்டார். முதலில் தொடை நடுங்கியது. அது இடுப்புக்கு ஏறி, தோளுக்கு ஏறி, பல் கிடுகிடுக்க ஆரம்பித்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்திக்கு எங்கள் பக்கத்து ஊர். அம்மாவின் ஆட்டத்தைப் பார்த்தவள். "ஆத்தா வந்துட்டா" என்று எழுந்தாள். பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் காலில் ஊற்றினாள். "தாயே, பெரியவனுக்கு எப்ப வேல கெடைக்கும், ஒரு வார்த்த சொல்லு" என்று கேட்டாள். மற்றவர்களும் எழுந்து கைகூப்பிவிட்டார்கள். வாண்டுகள் பயந்துபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "தொடைச் சதைதாங்க நடுங்குது. புதுசா வர்ற எல்லாருக்கும் நடுங்கும். தண்ணிய ஊத்தாதீங்க, வழுக்கிரும்" என்று சத்தம் போட்டார். பிறகு பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார். "அக்கா, நிமிருங்க" என்றார். நிமிர்ந்தேன். நடுக்கம் நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தண்ணீர் ஊற்றியவள் மட்டும் விடவில்லை. "அப்ப பையனுக்கு?" என்றாள். "ஒழுங்காப் படிக்கச் சொல்லுங்க" என்றேன். அதையும் குறியாக எடுத்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பாவம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் சந்தோசமாக இருந்தேன். இத்தனை வருசம் பயந்ததெல்லாம் வெறும் சதையின் நடுக்கம்தான் என்று தோன்றியது. மத்தியான நேரம் கடையில் கூட்டம் இல்லாதபோது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பழகுவேன். தையா தை என்று நானே சொல்லிக்கொண்டு தட்டுவேன். சில நாள் என் கால் தரையில் விழுந்து அடங்கிய பிறகு பின்னால் இன்னொரு கால் விழுகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் கனமான கால், வெறுங்கால். திரும்பிப் பார்க்க மாட்டேன். ஷட்டருக்கு வெளியே தெரிகிற கால்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன். யாராவது "அக்கா, ரெண்டு காப்பி" என்று குனிந்து கூப்பிடுகிறவரை அப்படியே நிற்பேன்.

அடுத்து டீச்சர் சுற்றுவதற்குச் சொல்லிக்கொடுத்தார். எனக்குத் தலை கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "கண்ண அலைய விடாதீங்க அக்கா. எதுக்க ஒரு எடத்தப் பார்த்து வச்சுக்கங்க. ஒடம்பு சுத்தி வர்றப்ப திரும்பத் திரும்ப அங்கயே பாருங்க. அப்பத்தான் விழ மாட்டீங்க" என்றார். ஆடத் தெரிந்தவர்கள் செய்வது அதுதானாம். நான் எதிரே ஜன்னல் கம்பியைப் பார்த்து வைத்துக்கொண்டு சுற்றினேன். விழவில்லை.

ஆனால் சுற்றி முடித்து நின்றதும் அம்மா சுற்றுவது கண்முன் வந்தது. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அவள் விழுந்ததில்லை. பொங்கல் அடுப்புகள் வரிசையாக எரிய, பிள்ளைகள் குறுக்கே ஓட, ஒரு அடுப்பில் கூட அவள் கால் பட்டதில்லை. சுற்றி வரும்போதெல்லாம் அவள் தலை கோயில் மணியின் பக்கம் ஒரு நொடி நின்றுதான் திரும்பும். உறுமிக்காரர் அடியை மாற்றினால் அவள் காலும் மாறும். சாமி எதற்கு மணியைப் பார்க்க வேண்டும்? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவள் சொல்கிற பதில் எனக்கு வேண்டாம்.

அவளே வந்துவிட்டாள். தண்ணீர் பாட்டில் கதை ஊருக்குப் போய் பெரிதாகிவிட்டிருந்தது. சித்தி கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "டேன்ஸ் கிளாசுல எறங்கிட்டாளாமில்ல. எறங்க நல்ல எடம் பாத்தா போ" என்றாள். தொடைச் சதை என்றேன். "சதையோ எலும்போ, பொங்கலுக்கு வந்து நில்லு. ஒரே தரம் நில்லு. வரலைன்னா அதோட நான் வாயத் தொறக்கல. அந்த மண்ணுல அவ பேரு அத்துப் போயிரக் கூடாதுத்தா" என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. சித்தி அழுது நான் பார்த்ததில்லை. வர்றேன் என்று சொல்லிவிட்டேன். என் கால் நிறுத்தினால் நிற்கிற கால்தானா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. கூடையில் வெங்காயம் வாங்கி வைத்திருந்தாள். அதில் பாதியை எனக்குக் கொட்டிவிட்டு பஸ்சுக்குப் போனாள்.

அம்மன் பொங்கலன்றைக்கு மகளும் மதுரையிலிருந்து வந்துவிட்டாள். வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீ ஆடுறத நான் பாக்க வேணாமா?" என்று சிரித்தாள். அவளுக்கு என் அம்மாவை நினைவிருக்கிறது, அம்மாவின் ஆட்டத்தைப் பற்றி மட்டும் நான் சொன்னதில்லை. கோயில் வாசலில் வெயில் கொளுத்தியது. அடுப்புப் புகை கண்ணை எரித்தது. மலையின் மேல் பாதி மேகத்துக்குள் இருந்தது. சித்தி என் கையில் வேப்பிலையைத் திணித்தாள். உறுமி தொடங்கியது.

கால் ஆட ஆரம்பித்தது. தொடை நடுங்கியது. இந்த நடுக்கம் எனக்குப் பழகிய நடுக்கம், அதனால் கண்ணை மூடவில்லை. பாதி உட்கார்ந்தேன், முட்டி தானாக விரிந்தது. உறுமி வேகம் பிடித்ததும் என் கால் ஒரு அடி போட்டது. அது வகுப்பில் கற்ற அடி இல்லை. அம்மாவின் அடி. நான் யாரிடமும் கற்காத அடி, அப்படியே வந்தது. வலது தோள் இறங்கியது. கூட்டத்தில் ஒரு கிழவி "அவளேதான், அவளேதான்" என்றாள். மஞ்சள் தண்ணீர் என் தலையில் விழுந்தது. நான் சுற்றினேன். கண் தானாகப் போய் மணியில் நின்றது.

எனக்குள் யாரும் வரவில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்வேன். தண்ணீர் குளிர்ந்தது தெரிந்தது. இடது பக்கத்து அடுப்பில் பொங்கல் அடிப்பிடிக்கிற வாசனை தெரிந்தது. உறுமிக்காரர் அடுத்த அடிக்குத் தோளை அசைப்பது தெரிந்தது. அத்தனையும் தெரிந்துகொண்டே ஆடினேன். நன்றாக ஆடினேன் என்றும் சொல்ல வேண்டும். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை. ஒரு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்க்கிற சுகம் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நிறுத்தவே மனசில்லை.

அப்போது என் மகளைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. சிரிப்பெல்லாம் போய்விட்டது. "யாரு இந்தப் புள்ள, சொல்லு ஆத்தா" என்று பூசாரி கேட்டார். உறுமி தாழ்ந்து ஒரே அடியில் நின்று முனகியது. ஊர் முழுக்கக் கும்பிட்டபடி என் வாயைப் பார்த்தது. சித்தி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்தது.

சொல்லவேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். யாருடா இது, எவ பெத்தது. நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் சித்திக்கு அவள் பழைய இடம் கிடைக்கும். அம்மாவின் பேர் நிற்கும். இந்த ஆட்டம் வருசா வருசம் எனக்குக் கிடைக்கும். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது படிக்கிற பிள்ளையின் பார்வை அது.

"என் மக" என்றேன். "பயப்படாதடா. அம்மாதான்."

உறுமிக்காரர் கையை எடுத்துவிட்டார். கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டுக் கலைந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அவரவர் பொங்கல் பானையைப் பார்க்கப் போனார்கள். மகள் வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. என் கால் நின்றுவிட்டிருந்தது.

சித்தி என் கையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கினாள். கோபத்தில் அவள் உதடு துடித்தது. என்னைக் கட்டிக்கொண்டிருந்த மகளைத் தவிர யார் காதிலும் விழாமல் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"உங்கம்மாளுக்கு இருந்த மனத்திடம் ஒனக்கு இல்லடி. அவ பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா. ராத்திரி பூராம் அழுதா, ஆனா சொன்னா."

சொல்லிவிட்டு என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது போல. வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். நான் வெயிலில் நின்றேன். சாமிக்குத் தெரியாது என்று இவள்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மகள் என் சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டாள். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, அம்மா முன்னால் என்னை முதல்முறை நிறுத்திய நாளை அவளுக்குச் சொன்னேன். அவள் மெதுவாகக் கேட்டாள். "ஆச்சிக்கு உன்னைய அடையாளம் தெரிஞ்சிருந்துச்சாம்மா?"

"தெரிஞ்சிருந்துச்சு" என்றேன்.

"அப்புறம் எதுக்கு அப்டிச் சொன்னாங்க?"

எனக்கு அது புரியாமல் இல்லை. வருசம் முழுக்கக் குத்தவைத்தே நகர்ந்த ஒருத்தி அந்த ஒருநாள் மட்டும் நிமிர்ந்து சுற்றினாள். அதை விட்டுக்கொடுக்க எவளுக்கு மனசு வரும்? அன்றைக்கு எனக்கே ஒரு கணம் வரவில்லை. இதை மகளுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதிலாக அழுகைதான் வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

அம்மா செத்து எத்தனையோ வருசமாகிவிட்டது. அவள்மேல் எனக்கு முதல்முதலாகக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.